சத்தியவாணி முத்து: பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சிய ஒரு அமைச்சர்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே இருக்கிற சேக்காட்டில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடிப் படிப்பது வழக்கம். கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். ஒருநாள் ஒரு எளிய கேள்வியை வைத்தோம். தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த தலித் பெண்கள் மூன்று பேரின் பெயரைச் சொல்லுங்கள். கக்கன் பெயர் உடனே வந்தது. அவர் ஆண் என்று சொன்ன பிறகு அமைதி. கடைசியில் ஒரு தங்கை, "சத்தியவாணி முத்து நகர் என்று கூவம் பக்கத்தில் ஒரு இடம் இருந்ததே, அந்தப் பெயர்தானா?" என்று கேட்டார். அவருடைய உறவினர்கள் அங்கே இருந்தவர்கள். அந்தப் பெயருக்குரியவர் யார் என்பது அவருக்கும் தெரியவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் சத்தியவாணி முத்துவை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். தலித் இயக்க வரலாறு எழுதுகிறவர்கள், அவர் திராவிடக் கட்சிக்காரர் என்பதால் இன்னும் வேகமாகக் கடந்து போகிறார்கள். இரண்டு வீட்டிலும் இடமில்லாதவராக ஆகிவிட்ட ஒருவரைப் பற்றி, அவர் சாதித்ததையும் சறுக்கியதையும் சேர்த்து, நாம் பேசியாக வேண்டும்.

அவருக்கு முன்பே ஒரு வரிசை

சத்தியவாணி முத்து வெற்றிடத்தில் முளைத்தவர் அல்ல. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் மீனாம்பாள் சிவராஜ் இருக்கிறார். 1904இல் ரங்கூனில் பிறந்தவர். 1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கும் தீர்மானம் நிறைவேறியது. அந்த மாநாட்டில் முன்னின்ற பெண்களில் மீனாம்பாள் ஒருவர். 1944இல் அண்ணல் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது நடந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டிலும் அவர் முன்வரிசையில் இருந்தார். அவருடைய கணவர் ந. சிவராஜ் 1945இல் சென்னை மேயர். பின்னாளில் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர்.

பெரியாரையும் அம்பேத்கரையும் எதிரெதிர் முகாம்களில் நிறுத்தாமல் இரண்டு பேருடனும் பேசிய பெண்கள் சென்னையில் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறோம். சத்தியவாணி முத்து வளர்ந்த நகரம் அது.

மறியலில் தொடங்கிய அரசியல்

1923 பிப்ரவரி 15 அன்று பிறந்தவர் சத்தியவாணி முத்து. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியபோதே அதில் இருந்தார். ஒரு தலித் பெண் கட்சி மேடையில் ஏறிப் பேசுவது அன்று எத்தனை அரிது என்பதை, இன்றும் எத்தனை மேடைகளில் பெண்கள் வரவேற்புரையோடு நிறுத்தப்படுகிறார்கள் என்பதை வைத்து நாம் கணக்கிட்டுக் கொள்ளலாம். அவர் வரவேற்புரை ஆற்றியவர் அல்ல. 1959 முதல் 1968 வரை கட்சியின் கொள்கைபரப்புச் செயலாளராக இருந்தவர். 'அன்னை' என்ற இதழை நடத்தியவர்.

1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி அரைநாள் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். சலவைத் தொழிலாளியின் பிள்ளை வெளுக்கக் கற்க வேண்டும், தோட்டியின் பிள்ளை மலம் அள்ளக் கற்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்று கைதானவர்களில் சத்தியவாணி முத்து ஒருவர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. இன்று சேக்காட்டில் உட்கார்ந்து நாம் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவதற்குப் பின்னால் இப்படிச் சிறை போனவர்களின் கணக்கும் இருக்கிறது.

1955 ஜனவரியில் நம்முடைய ஆவடியில்தான் காங்கிரஸ் கட்சி கூடி, சோசலிச பாணி சமுதாயமே தன் இலக்கு என்று தீர்மானம் போட்டது. இரண்டு ஆண்டு கழித்து நடந்த பொதுத் தேர்தலில் தி.மு.க. முதல் முறையாகப் போட்டியிட்டது. கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றார்கள். அண்ணா, கருணாநிதி, அன்பழகன் என்று அன்று வென்று சட்டமன்றம் போன அந்தச் சின்னக் குழுவில், பெரம்பூரில் வென்ற சத்தியவாணி முத்துவும் இருந்தார். 1962இல் தோற்றார். 1967இலும் 1971இலும் அதே பெரம்பூரில் வென்றார்.

ஒன்பது பேரில் ஒரு பெண்

1967 மார்ச் 6 அன்று அண்ணா தலைமையில் அமைச்சரவை பதவியேற்றது. மொத்தம் ஒன்பது பேர். அதில் ஒரே பெண் சத்தியவாணி முத்து. அவருக்குக் கிடைத்தது அரிசன நலத்துறையும் செய்தித் துறையும்.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் தலித் ஒருவர் அமைச்சராவது அது முதல் முறை அல்ல. காமராசர் அமைச்சரவையில் பி. பரமேசுவரன் இந்து அறநிலையத் துறையை வைத்திருந்தார். கோயிலுக்குள் விடமாட்டோம் என்றவர்கள், கோயில் கணக்கை ஒரு தலித் அமைச்சரிடம் காட்ட வேண்டியிருந்தது. கக்கன் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை வரை போனார். காவல்துறையே அவர் கையில் இருந்தது. 1967இல் சமூக நீதி பேசி வந்த ஆட்சியில், ஒன்பது பேரில் ஒருவராக வந்த தலித் பெண்ணுக்கு 'உங்கள் மக்களை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள்' என்கிற துறை. அண்ணாவின் மீது நமக்குள்ள மரியாதை இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

நலத்துறை என்பது என்ன என்று நம் இளைஞர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1919-20 வாக்கில், தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உருவாக்கி ஒடுக்கப்பட்டோர் நலனை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதனால்தான் நம் தாத்தாக்கள் சேரிப் பள்ளிக்கூடத்தை 'லேபர் ஸ்கூல்' என்றார்கள். சுதந்திரத்துக்குப் பின், 1949இல், அது அரிசன நலத்துறையாகப் பிரிந்தது. இன்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. பள்ளி, விடுதி, உதவித்தொகை, வீட்டுமனை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் இதன் வேலை. இதில் எதுவும் சின்ன வேலை இல்லை. எங்களில் பாதிப் பேர் அந்த விடுதிச் சோற்றில் படித்தவர்கள்.

ஆனால் அந்தத் துறையின் கைக்கு எட்டாதவை எவை என்றும் பாருங்கள். நிலம் வருவாய்த் துறையிடம். காவல் உள்துறையிடம். கூலி தொழிலாளர் துறையிடம். பணம் நிதித் துறையிடம். சாதி எந்த இடங்களில் வேர் பிடித்து நிற்கிறதோ அந்த இடங்களில் எல்லாம் நலத்துறை அமைச்சர் வேறொரு அமைச்சரிடம் கேட்டு நிற்க வேண்டும். விடுதி கட்டலாம், விடுதி மாணவனை ஊர்த் தெருவில் அடித்தால் வழக்குப் பதியச் சொல்லி இன்னொருவருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

வெண்மணி

இந்த வரம்பு எவ்வளவு கொடியது என்பதை 1968 டிசம்பர் 25 இரவு காட்டியது. கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர், பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சத்தியவாணி முத்து அப்போது அரிசன நலத்துறை அமைச்சர். அரை மரக்கால் நெல் கூடக் கேட்டதற்கான பகை அது. நிலவுடைமையும் காவல்துறையின் மெத்தனமும் சேர்ந்து நடத்திய கொலை. நலத்துறை என்ற சட்டகத்துக்குள் அது அடங்கவே இல்லை. அரசு கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது.

'அன்றே ஏன் அவர் பதவியைத் தூக்கி எறியவில்லை?' என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதைத் தவிர்த்துவிட்டு அவரைப் போற்றிப் பாடுவதில் பயனில்லை. பதிலாக ஒன்றைச் சொல்லலாம். வெளியே போனால் நிற்க இடம் எங்கே இருந்தது? சிவராஜ் 1964இல் மறைந்துவிட்டார். குடியரசுக் கட்சி தமிழ்நாட்டில் மெலிந்திருந்தது. காங்கிரசில் தலித் தலைவர்கள் இருந்தார்கள். அந்தக் கட்சியை எதிர்த்துத்தான் அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியிருந்தார். தஞ்சைக் களத்தில் நின்ற கம்யூனிஸ்டுகள் அதை வர்க்கப் போராட்டமாகவே பார்த்தார்கள். உள்ளே இருந்து செய்யக் கூடியதைச் செய்வது, அல்லது வீட்டுக்குப் போவது. அவர் உள்ளே இருந்தார். இந்த விளக்கம் அவரைக் கேள்வியிலிருந்து விடுவிக்காது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் ஒருவரிடம் மட்டும் கேட்பதும், அதே அமைச்சரவையின் மற்ற எட்டுப் பேரிடம் கேட்காமல் இருப்பதும் சரியில்லை.

1974: வெளியேறிய நாள்

1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். கருணாநிதி முதலமைச்சரானார். சத்தியவாணி முத்து அமைச்சராகத் தொடர்ந்தார். வடசென்னையில், வியாசர்பாடியில், டாக்டர் அம்பேத்கர் பெயரில் அரசு கலைக் கல்லூரி வந்தது இந்தக் காலத்தில்தான். அங்கே படித்து வெளியே வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இன்று ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

1974இல் அவர் வெளியேறினார். அண்ணாவுக்குப் பின் வந்த தலைமை தாழ்த்தப்பட்டோரை உரிய மரியாதையோடு நடத்தவில்லை என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று புதிய கட்சியைத் தொடங்கினார். கால் நூற்றாண்டு ஒரே கட்சியில் இருந்து, அமைச்சர் பதவியும் வைத்திருந்த ஐம்பத்தொரு வயதுப் பெண், ஆளுங்கட்சியிலிருந்து வெளியே வந்து, 'எங்கள் மக்களுக்கு இங்கே இடமில்லை' என்று சொன்னார். திராவிட இயக்கத்துக்கு உள்ளேயே வளர்ந்து, அதன் தலைமையைச் சாதிக் கேள்வியோடு எதிர்த்துத் தனிக் கட்சி கண்ட தலித் பெண் அவர்.

அவர் எதிரிகள் இதைப் பதவிச் சண்டை என்றார்கள். கட்சி மாறும் ஆண்களை நாம் 'பிளவு', 'கொள்கை வேறுபாடு' என்கிறோம். 1972இல் எம்.ஜி.ஆர். வெளியேறியது வரலாறு ஆனது. இரண்டு ஆண்டு கழித்து சத்தியவாணி முத்து வெளியேறியது அடிக்குறிப்பு ஆனது. அவர் எழுப்பிய கேள்வி என்னவோ உயிரோடுதான் இருக்கிறது. தலித் வாக்குகள் தேவை, தலித் உறுப்பினர்கள் தேவை, ஆனால் முடிவெடுக்கும் மேசையில் தலித் எத்தனை பேர்? 1999இல் விடுதலைச் சிறுத்தைகள் தேர்தல் களத்துக்கு வந்தபோது இந்தக் கேள்வி மீண்டும் உரக்கக் கேட்டது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று சத்தியவாணி முத்து காலமானார்.

கரைந்து போன கட்சி

புதிய கட்சி நிலைக்கவில்லை. 1977இல் அ.தி.மு.க. வெற்றி பெற்ற பிறகு அதில் இணைந்தது. 1978இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். 1979 ஆகஸ்ட்டில் சரண்சிங் அமைச்சரவையில் ஒன்றிய அமைச்சரானார். அவரும் பாலா பழனூரும்தான் திராவிடக் கட்சியிலிருந்து ஒன்றிய அமைச்சரவைக்குப் போன முதல் இருவர். முரசொலி மாறன், தம்பிதுரை, ஆ. ராசா என்று பின்னால் வந்த நீண்ட வரிசைக்கு வாசல் திறந்தவர்களில் ஒரு தலித் பெண் இருக்கிறார். எத்தனை பொது அறிவுப் புத்தகங்களில் இது இருக்கிறது?

ஆனால் அந்தப் பதவி எப்படிப்பட்டது? ஆகஸ்ட் 20 அன்று பிரதமர் சரண்சிங் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே பதவி விலகினார். அதன் பின் தேர்தல் வரை நடந்தது காபந்து அரசு. கொள்கை முடிவு எடுக்க முடியாத அரசில், ஆண்டு முடிவதற்குள் அவருடைய பதவிக்காலமும் முடிந்தது. மாநிலத்தில் கிடைத்தது அதிகாரமில்லாத துறை; டெல்லியில் கிடைத்தது ஆயுளில்லாத அரசு.

மாநிலங்களவையில் 1984 வரை இருந்தார். அந்த ஆண்டு கடைசியில் மீண்டும் பெரம்பூரில் நின்று, தி.மு.க.வின் இளைஞர் பரிதி இளம்வழுதியிடம் தோற்றார். முதன்முதலில் வென்ற மண்ணிலேயே அவருடைய தேர்தல் பயணம் சரிந்தது.

தனிக் கட்சியைக் கரைத்தது தவறா? எங்களுக்குள் இதில் இரண்டு கருத்து உண்டு. பணமும் பத்திரிகையும் அமைப்பும் இல்லாமல் ஒரு தலித் பெண் கட்சி நடத்துவது 1970களில் எப்படிச் சாத்தியம் என்று ஒரு பக்கம். மக்களைக் கிராமம் கிராமமாகத் திரட்டாமல், தலைவரின் செல்வாக்கை மட்டும் நம்பிய கட்சி எப்படியும் கரைந்திருக்கும் என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. நாம் கற்க வேண்டியது இரண்டாவதிலிருந்து.

அன்றும் இன்றும்

ஐம்பது ஆண்டில் என்ன மாறியிருக்கிறது? சில மாறியிருக்கின்றன. 2022இல் வடசென்னையின் திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து வந்த பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். அது இடஒதுக்கீட்டால் வந்தது. போராட்டத்தால் வந்த சட்டத்தால் வந்தது. 2024இல் கோவி. செழியனுக்கு உயர்கல்வித் துறை கிடைத்தபோது பெரிய செய்தியானது. ஒரு தலித்துக்கு உயர்கல்வி கிடைப்பது 2024இலும் செய்தியாகிறது என்றால், நலத்துறையைத் தாண்டிய பாதை எவ்வளவு குறுகலாக இருந்திருக்கிறது என்று பாருங்கள்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஆவடி 2019இல் மாநகராட்சியானது. 2022இல் அதன் மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது, பொதுப் பிரிவில். வந்தவர் ஆண். பக்கத்தில் பூந்தமல்லி தனித் தொகுதி. 2011, 2016, 2019 இடைத்தேர்தல், 2021 என நான்கு முறையும் வென்றது ஆண்களே. நாம் வாக்களிக்கும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதிதான். 2009 முதல் 2024 வரை நான்கு தேர்தலிலும் ஆண்களே. தனித் தொகுதி என்றாலே தலித் ஆண் தொகுதி என்று கட்சிகள் எழுதாத சட்டம் வைத்திருக்கின்றன. நம் இயக்கங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

உள்ளாட்சியில் ஒதுக்கீடு கட்டாயம் என்பதால் பெண்கள் வருகிறார்கள். வந்தபின் என்ன நடக்கிறது? 2020 சுதந்திர தினத்தன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கத்தில், தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியானபின் மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே ஆண்டு கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் நாடெங்கும் பரவியது. நாற்காலியைச் சட்டம் கொடுக்கிறது, ஊர் பிடுங்குகிறது. 1967இல் அமைச்சரவையில் அது துறைப் பங்கீடு என்ற பெயரில் நாகரிகமாக நடந்தது. ஊராட்சியில் நாகரிகம் பார்ப்பதில்லை.

2023இல் சட்டமன்றத்திலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தனித் தொகுதிகளுக்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு 44 இருக்கிறது. அந்தக் கணக்கில் பதினான்கு, பதினைந்து தலித் பெண்கள் கட்டாயம் சட்டமன்றம் போவார்கள். 2021இல் எல்லாச் சமூகத்தையும் சேர்த்தே பேரவைக்குப் போன பெண்கள் 12 பேர்தான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்ற இரண்டு பூட்டுகளை அந்தச் சட்டத்துக்குப் போட்டிருக்கிறார்கள். பூட்டுத் திறக்கும் நாளில் கட்சிகள் தங்கள் தலைவர்களின் வீட்டுப் பெண்களை நிறுத்தப் போகின்றனவா, களத்தில் நின்றவர்களை நிறுத்தப் போகின்றனவா என்பது, இப்போதிலிருந்து நாம் யாரைத் தயார் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பெயரும் இடமும்

கடைசியாக அந்த நகருக்கு வருவோம். தீவுத்திடலை ஒட்டிக் கூவம் கரையில் இருந்த குடியிருப்புக்குச் சத்தியவாணி முத்துவின் பெயரை வைத்திருந்தார்கள் அங்கே வாழ்ந்த மக்கள். 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில், கூவம் சீரமைப்பு என்று சொல்லி அவர்களை அப்புறப்படுத்தத் தொடங்கினார்கள். பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு லாரிகளில் ஏற்றிக் கொண்டு போனார்கள். பிள்ளைகளின் பள்ளி நகருக்குள், வீடு நகருக்கு வெளியே. வீட்டு வேலைக்கும் சுமை தூக்கும் வேலைக்கும் போனவர்களின் பிழைப்பு பேருந்துக் கட்டணத்தில் கரைந்தது.

பெயர் வைப்பது எளிது. நகர், சாலை, மண்டபம் எல்லாவற்றுக்கும் வைக்கலாம். நிலத்தின் மீது உரிமை இல்லாத இடத்தில் பெயர்ப்பலகை எத்தனை நாள் நிற்கும்? அவர் அமைச்சராக இருந்த துறைக்கு நிலம் கொடுக்கும் அதிகாரம் இல்லை என்று மேலே சொன்னோம். அவர் பெயரில் இருந்த நகருக்கும் நிலம் இல்லை.

எங்கள் கூட்டத்தில் அன்று கேட்ட அந்தத் தங்கை இப்போது ஒரு வேலையை எடுத்திருக்கிறார். பெரும்பாக்கத்துக்குப் போய், தன் உறவினர்களிடமும் அவர்களுடைய பழைய அண்டை வீட்டாரிடமும் உட்கார்ந்து, நகருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, யார் வைத்தது, அம்மா அங்கே வந்திருக்கிறாரா என்று கேட்டு எழுதி வருகிறார். நீங்களும் உங்கள் பகுதியில் ஒன்றைச் செய்யலாம். ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்த பெரியவர்கள், குலக்கல்வி எதிர்ப்பில் ஊர்வலம் போனவர்கள், தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகக் கொடி பிடித்தவர்கள் இன்னும் சிலர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போய்க் கேளுங்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் பேசிய பேச்சுகளைத் தேடிப் படியுங்கள்.

அடுத்த முறை யாராவது மூன்று தலித் பெண் அமைச்சர்களின் பெயரைக் கேட்டால், முதல் பெயராவது தயாராக இருக்கட்டும்.